மாதாவுக்குக் கொடுத்த சீனி

“சோத்தையும் குறை, பாணையும் குறை, தேத்தண்ணிக்குச் சீனியும் போடாத எண்டா, பிறகு உயிரை மட்டும் ஏன் மிஸ் வைச்சிருக்கிறது? அதையும் இந்தக் கதிரையிலயே விட்டிட்டுப் போறன். நீங்களே வைச்சிருங்கோ!”

ஜெனிஸ்ரா இப்படிக் கத்தியபோது கிளினிக்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரஷர் பார்க்க வரிசையில் இருந்த நான் திரும்பவில்லை. எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் அவளுக்குப் பக்கத்து வளவு என்னுடையது. அவளுடைய தொண்டையை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன்.

நேர்ஸ் பிள்ளை சின்னவள். ஆனால் பயப்படவில்லை.

“உயிரை விடச் சொல்லேல்லை அம்மா. சீனியை விடச் சொன்னனான். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னனான்.”

“நான் நடக்கிறேல்லையோ? விடிய எழும்பினா படுக்கும் வரைக்கும் காலில நிக்கிற பொம்பிளை நான்!”

“நிக்கிறது வேற, நடக்கிறது வேற அம்மா.”

ஜெனிஸ்ரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பக் கதிரையில் இருந்தாள்.

நேர்ஸ் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது. வருத்தம் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் படலையில் கை வைத்துவிட்டது. இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் குளிசை. தொடங்கினால் விட முடியாது.

குளிசை என்றதும் அவள் முகம் செத்துப்போனது. அவளுடைய தாய் மக்டலினுக்கும் முதலில் குளிசைதான் கொடுத்தார்கள். குளிசையைப் போட்டுக்கொண்டே மக்டலின் மடுக் கோயில் மாதாவுக்கு நேர்த்தி வைத்து அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு நடந்தாள். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை அமைய வேண்டும் என்பது நேர்த்தி. குதிக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணானது, புண் கறுத்தது, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் அமைந்தான். அவன் கிறகரி. அந்த நேர்த்தி மாதாவுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அப்போது ஜெனிஸ்ராவுக்குப் பதினேழு வயது. மக்டலின் செத்துச் சேமக்காலைக்குப் போகும்வரை தாயைக் கக்கூசுக்குத் தூக்கிப் போனவள் அவள்தான். இப்போது அவளுடைய மூத்தவள் ஷெரோமிக்குப் பதினான்கு. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெனிஸ்ரா யன்னலைப் பார்த்தபடி ஒன்றுதான் சொன்னாள்.

“என்ர பிள்ளை என்னைத் தூக்கக் கூடாது மாமி.”

அவள் சோம்பேறி இல்லை. அதை முதலே சொல்லிவிட வேண்டும். விடிய முதல் எழும்பி மூன்று பிள்ளைகளுக்கும் சமைத்துக் கட்டி, கடலால் வரும் கிறகரிக்குச் சோறு மூடி வைத்து, ஏழு மணிக்கு நண்டுக் கொம்பனியின் பஸ்ஸில் ஏறுவாள். பின்னேரம் வரைக்கும் நண்டு உடைத்துச் சதை எடுப்பாள். வீட்டுக்கு வந்தால் உடுப்புத் தோய்ப்பு, பிள்ளைகளின் பாடம், கிறகரியின் முறைப்பாடு. தனக்கென்று ஒரு கோப்பை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. “நான் எங்க சாப்பிடுறன்?” என்பாள். அது உண்மை. அவள் சாப்பிடுவதில்லை, மிச்சத்தை முடிக்கிறவள். மூத்தவள் விட்ட பாண் துண்டு, நடுவிலான் விட்ட புட்டு, கடைசி துப்பப் பார்த்த முட்டைப் பொரியல், எல்லாம் எறிய மனம் வராமல் அவள் வாய்க்குள் போகும். மூன்று பிள்ளைகளின் மிச்சம் சேர்ந்தால் நாலாவது பிள்ளைக்குப் போதும். அந்த நாலாவது பிள்ளை அவளுடைய இடுப்பில் வளர்ந்தது. இடையிடையே தேத்தண்ணீர். கரண்டி நட்டால் விழாது, அவ்வளவு சீனி.

கிளினிக்கால் வந்த மறுநாளே திருந்தத் தொடங்கினாள். திருத்தம் என்றால் அவளுடைய மாதிரித் திருத்தம்.

தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை நிறுத்தினாள். பார்த்தால் கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது.

“வாயில என்னடி?”

“பனங்கட்டி மாமி.”

“சீனியை விட்டிட்டன் எண்டாய்?”

“இது சீனியில்லை. பனை. எங்கட பனை உடம்புக்கு நல்லது.”

“கள்ளும் எங்கட பனைதான். ரெண்டு போத்தல் குடிச்சிட்டு வேலைக்குப் போவன், உடம்புக்கு நல்லதெண்டா.”

பனங்கட்டி உள்ளங்கைக்குப் போனது. நான் திரும்பினால் திரும்ப வாய்க்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகளின் மிச்சத்தை உண்மையாகவே விட்டாள். அது கஷ்டம். ஒரு தாய்க்கு அரைத் துண்டு பாணைக் குப்பையில் போடுவது கையை வெட்டுவது போல. அதனால் படலையில் நிற்கும் கழுதைக்குக் கொடுத்தாள். ஒரு கழுதை நாலு கழுதையானது. விடிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். அதுகளுக்குத் தோல் மினுங்கத் தொடங்கியது.

“இவளுக்கு இறங்குதோ தெரியாது, கழுதையளுக்குச் சீனி வருத்தம் வரப்போகுது” என்றான் கிறகரி. அவன் சொன்னதில் சரியான கதை அது ஒன்றுதான்.

மூன்றாவது, நடை. அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது.

எங்கள் ஊரில் ஒரு பொம்பிளை விடிய வெறுங்கையை வீசிக்கொண்டு விறுவிறென்று நடந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும். கையில் பை இருந்தால் சந்தை, குடம் இருந்தால் தண்ணீர், செபமாலை இருந்தால் கோயில். கையில் ஒன்றும் இல்லையென்றால் செத்த வீடு. முதல் நாள் அவள் எங்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்குக்கு வரவும் மாக்கிறட் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். மாக்கிறட் அந்த முடக்கு வீட்டுக்காரி. ஊரில் ஒரு கதை நடந்து முடியமுதல் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“ஆர், பிள்ளை, மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை அக்கா. சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ? சும்மா ஆரடி நடப்பினம்?”

இரண்டாம் நாள், விடிய வரும் முதல் பஸ் அவளுக்குப் பக்கத்தில் நின்றது. வேண்டாம் என்று கை காட்டினாள். “காசு இல்லாட்டிப் பரவாயில்லை, ஏறுங்கோ அக்கா” என்று சாரதி விடமாட்டேன் என்றான். பஸ்ஸில் இருந்த சனம் முழுக்க யன்னலால் பார்த்தது. அன்றைக்கே கிறகரி கரையில் கால் வைக்கவும் படகுச் சொந்தக்காரன் கேட்டானாம், “டேய், மனிசிக்கு அடிச்சனியோ? விடிய விடிய வீட்டை விட்டு ஓடுறாவாம்.” கிறகரி வீட்டுக்கு வந்து குதித்தான்.

“எனக்குச் சீனி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதை அவள் சொல்ல மாட்டாள். சொன்னால் ஒழுங்கை முழுக்கப் பாவற்காய்ச் சாறும் கறிவேப்பிலைக் குடிநீரும் தூக்கிக்கொண்டு வரும். வந்து, “ஐயோ, உன்ர கொம்மாவுக்கும் இப்பிடித்தானே தொடங்கினது” என்று அந்தக் காலைத் திரும்பவும் ஒருக்கால் வெட்டும்.

மூன்றாம் நாள் மாக்கிறட் படலையில் காத்துக்கொண்டு நின்றாள்.

“உண்மையைச் சொல்லு. கிறகரி குடிச்சிட்டு வாறவனோ?”

ஜெனிஸ்ராவுக்குப் பொறுக்கவில்லை. “மடுவுக்கு நடந்து வாறனெண்டு நேந்திருக்கிறன் அக்கா! ஆவணித் திருவிழாவுக்கு! அதுக்குத்தான் காலைப் பழக்கிறன். இனிக் கேள்வி கேளாதேங்கோ!”

கேள்வி நின்றது உண்மை. வேறொன்று தொடங்கியது.

மாதாவுக்கு நேர்ந்து நடக்கிறவளைப் படலையால் சும்மா விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. தாகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நடக்கிறவளின் புண்ணியத்தில் எங்களுக்கும் பங்கு. மறுநாள் விடிய மாக்கிறட் பால் தேத்தண்ணீரோடு நின்றாள். பால்மா விற்கிற விலையிலும் கட்டியாக ஆற்றியிருந்தாள்.

“வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான்.”

“மாதாவின்ர பேரால தாறன். வேண்டாமெண்டுவியோ?”

மாதாவின் பேரால் கொடுத்ததை யார் மறுப்பார்கள்? குடித்தாள். அடுத்த வீட்டில் தேத்தண்ணீரும் இனிப்பு மஸ்கோத்தும். அதற்கடுத்த வீட்டில் தொதல். சந்திக்கடையில் நெக்டோச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்த ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு மன்றாட்டு வேறு. “என்ர மகன்ர விசாவுக்கு ஒரு மெழுகுதிரி.” “என்ர மருமகளுக்கு ஒரு பிள்ளை.” “என்ர மாமி கெதியாக் கண்ணை…” என்று தொடங்கிய ஒருத்தி, அவளுடைய மாமியின் வயதில் நின்ற என்னைக் கண்டு மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

நான் ஒன்றும் கொடுக்கவில்லை. எனக்குப் புண்ணியத்தில் ஆசை இல்லாமல் இல்லை. வீட்டில் பால்மா இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நேர்ஸ் பிள்ளையின் புருவம் மேலே போனதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்கத் தேவையில்லை.

“அம்மா, போன முறையைவிடக் கூடிக் கிடக்கு. நடக்கேல்லையோ?”

“நடந்தனான் மிஸ். நடந்ததாலதான் கூடினது.”

நேர்ஸ் பிள்ளை பேனையை வைத்துவிட்டுப் பார்த்தாள். இவள் நடந்ததெல்லாம் சொன்னாள். தேத்தண்ணீர், மஸ்கோத்து, தொதல், சோடா. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தது. வந்து முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னது. “திருவிழா முடிஞ்சு வாற கிளினிக் வரைக்கும் பொறுக்கிறன். அதுக்குள்ள இறங்காட்டி டொக்டர் குளிசை எழுதத்தான் செய்வார். நீங்கள் உண்மையா மடுவுக்கு நடக்கிறதெண்டா ஒண்டு சொல்லுறன். வெறுங்காலோட நடக்கவே கூடாது. மூடின சப்பாத்து, உள்ளுக்குக் கால்மேசும் போட வேணும். சீனிக்காரருக்குக் காலில ஒரு சின்னக் காயம் போதும்.”

“எனக்குத் தெரியும் மிஸ்” என்றாள் ஜெனிஸ்ரா.

வரும் வழியில் பஸ்ஸில் நான்தான் கேட்டேன்.

“வாயைத் திறந்து சீனி எண்டு சொல்ல உனக்கு ஏலாது. மாதாவின்ர பேரை மட்டும் சொல்ல ஏலும். அப்ப சீனியையும் அவவின்ர தலையிலயே கட்டிவிடன்?”

“என்னெண்டு மாமி?”

“தவக்காலத்தில இறைச்சியை விடுறமே. உனக்கு ஆரும் தெரிஞ்சு கொண்டு ஒரு துண்டு தருவினமோ?”

அவள் யோசித்தாள். முருக்கங்காய் விலை கேட்கிற முகத்தோடு யோசித்தாள். மறுநாள் மாக்கிறட் கோப்பையை நீட்டவும், இவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

“அக்கா, ஒறுத்தலும் சேத்து நேந்திருக்கிறன். திருவிழா முடியும் வரைக்கும் சீனி, பனங்கட்டி, இனிப்பெண்டு ஒண்டும் வாயில வைக்கன்.”

மாக்கிறட்டின் கண் விரிந்தது. பொழுது ஏறமுதல் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்றையில் இருந்து அவளுக்கு விமோசனம் இல்லை. முதல் நற்கருணை விருந்தில் கேக் தட்டம் அவள் முன்னால் வந்து, சுடுபட்டது போலத் திரும்பிப் போனது. சந்திக்கடைக்காரன் அவள் சோடா கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்றான். பிள்ளைகள் இன்னும் மோசம். கடைசிப் பெடியன் தாயின் வாயை மோந்து பார்ப்பான். ஒரு நாள் பின்னேரம் நண்டுக் களைப்பில் வந்து, கிணற்றடியில் தனியே நின்று, சட்டைக்குள் இருந்து ஒரு துண்டு பனங்கட்டியை எடுத்தாள். ஒழுங்கை வேலிக்கு மேலால் மாக்கிறட்டின் தலை.

“எடியேய்! மாதாவுக்குக் குடுத்த சீனியை நீ தின்னுறியோ?”

“ஐயோ அக்கா, சின்னத் துண்டு…”

“அவவிட்டக் குடுத்ததை அவவின்ர கையில இருந்து பறிச்சுத் தின்னுறது! என்ர மகன்ர விசாவும் உன்ர நேர்த்தியோடதான் போகுது, தெரியுமோ? துப்படி!”

துப்பினாள். கழுதை வந்து எடுத்துக்கொண்டு போனது.

குளிசைப் பயமும் நேர்ஸும் கிறகரியும் செய்ய முடியாததை மாக்கிறட் ஒரு வேலிக்கு மேலால் செய்தாள். வெறும் தேத்தண்ணீர் இரண்டு கிழமைக்குள் பழகிவிட்டது. நடை பழகிவிட்டது. பின்னேரத்தில் ஷெரோமியும் சேர்ந்து நடந்தாள். ஜெனிஸ்ராவின் சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு பயம் வந்தது. “பொய்யா நேந்தது மாமி. மாதா என்ன நினைப்பா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“மாதாவுக்கு உன்னைத் தெரியும். அவ பொறுப்பா. ஊர் பொறுக்காது. நட” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியும், மடுவுக்கு நடக்கிறவர்கள் என்று அவள் பெயரை முதலில் வாசித்துவிட்டார். இனித் தப்ப வழியில்லை. மன்னார் ரவுனில் பவ்ஸானின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பொம்பிளைச் சப்பாத்து ஒன்றும் காலில் ஏறவில்லை. கடற்கரை மணலில் வளர்ந்த கால், விசிறி மாதிரி விரிந்த கால். கடைசியில் பவ்ஸான் ஆம்பிளைச் சப்பாத்து ஒன்று எடுத்துக் கொடுத்தான். வெள்ளை, ஓரத்தில் கத்தரிப்பூ நிறக் கோடு. போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு தரம் நடந்தாள். காலைப் பார்த்தபடி அழுதாள். பவ்ஸான் விலையைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்து, கேட்காமலே கொஞ்சம் குறைத்தான்.

நடக்கிற நாள் விடிய கோயில் முன்றலில் எல்லாரும் கூடினோம். நான் வழியனுப்பப் போனவள், என் முழங்காலுக்கு நேர்த்தி ஒத்து வராது. மாக்கிறட்டும் நடக்க வந்திருந்தாள், மகனின் விசாவை நேரில் பார்த்துக்கொள்ள. எல்லாரும் வெறுங்கால். ஜெனிஸ்ரா வெள்ளைச் சப்பாத்தோடு வந்தாள்.

மாக்கிறட் காலைப் பார்த்தாள். பிறகு ஊரைப் பார்த்தாள்.

“பாருங்கோ சனங்கள்! நேர்த்திக்குச் சப்பாத்தாம்! நீ மாதாவிட்டப் போறியோ, மட்ச் விளையாடப் போறியோ? கழட்டடி! பாவம் எங்களுக்கும் வரும்!”

“கழட்ட மாட்டன்.”

“ஆண்டாண்டா வெறுங்காலோட போற வழக்கம் இது. உன்ர கொம்மா எப்பிடிப் போனவ?”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“என்ர அம்மா வெறுங்காலோடதான் போனவ” என்றாள் ஜெனிஸ்ரா. இந்த முறை கத்தவில்லை. “போய்க் காலைக் குடுத்திட்டு வந்தவ. எங்கட வீட்டில இருந்து மாதாவுக்கு ஒரு கால் போதும் அக்கா. எனக்கும் சீனி தொடங்கிற்றுது. அதுதான் நடந்தனான். அதுதான் இனிப்பை விட்டனான். நேர்த்தியெண்டு முதல் சொன்னது பொய். இப்ப உண்மை. நடக்கிறன். சப்பாத்தோட நடக்கிறன். ஏலுமெண்டா வாங்கோ, ஏலாட்டிப் பேசாமல் நில்லுங்கோ.”

ஷெரோமி வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எட கள்ளி” என்றாள் மாக்கிறட். “என்ர பால்மா எவ்வளவு போட்டுது! முதலே சொல்லியிருந்தா வெறுந்தேத்தண்ணி தந்திருப்பனே!” பிறகு செபமாலையைத் தொடங்கி முன்னால் நடந்தாள்.

வழியில் நடந்ததை ஷெரோமி வந்து சொன்னாள். பாலம் தாண்டும்வரை மாக்கிறட்டின் குரல்தான் மேலே. பிறகு குரல் இறங்கியது. வழியில் முருங்கன் ஊருக்கு வரமுதலே அவளுக்கு இரண்டு குதிக்காலிலும் கொப்புளம். ஜெனிஸ்ரா தன் கால்மேசைக் கழற்றிக் கொடுத்தாள். மாற்று மேசு ஒன்றும் கொண்டுபோயிருக்கிறாள், கெட்டிக்காரி. மேசு போட்டால் வெறுங்கால் இல்லையே என்று மாக்கிறட் கொஞ்ச நேரம் மாதாவோடு பேரம் பேசினாளாம். பிறகு போட்டாள். அப்படியும் முடியாமல் முருங்கனில் பஸ் ஏறினாள். ஊருக்கு வந்து முழுக்க நடந்தேன் என்றுதான் சொன்னாள். நானும் ஓம் ஓம் என்று கேட்டேன். ஜெனிஸ்ரா மடுக் கோயில் வாசல் வரைக்கும் நடந்து, அங்கே சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லாருடைய மெழுகுதிரியும் ஏற்றினாளாம், அந்த மாமிக்கானதை மட்டும் விட்டு.

திருவிழா முடிந்து வந்த கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளையின் புருவம் கீழே இருந்தது.

“இறங்கிற்றுது அம்மா. குளிசை வேண்டாம். இப்பிடியே வைச்சிருங்கோ.”

“அப்ப என்ர உயிரைத் திருப்பித் தாங்கோ மிஸ்” என்றாள் ஜெனிஸ்ரா. “அண்டைக்கு இந்தக் கதிரையில விட்டிட்டுப் போனனான்.”

அன்று பின்னேரம் மாக்கிறட் படலைக்கு வந்தாள். செருப்பின் பின்பக்கத்தை மிதித்தபடி, நொண்டி நொண்டி. “அந்தச் சப்பாத்து எங்க வாங்கினனி? எனக்கும் ஒண்டு வேணும். என்ன விலை?”

கிறகரி முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஜெனிஸ்ரா அவனை ஒரு கண்ணால் பார்த்தாள். நண்டு உடைத்த காசில் ஒளித்து வைத்து வாங்கியது அது.

“பவ்ஸான்ர கடையில அக்கா. ஆயிரத்து இருநூறு.”

கிறகரி தலையை ஆட்டினான். “அதுவே கூடத்தான்” என்றான்.

மறுநாள் மாக்கிறட் ரவுனுக்குப் போனாள். மத்தியான பஸ்ஸில் திரும்பினாள். அவள் எங்கள் ஒழுங்கைக்குள் வரமுதலே சத்தம் வந்தது. கிறகரி அப்போதும் வலையோடு முற்றத்தில்தான் இருந்தான்.

“எடி ஜெனிஸ்ரா! அந்தப் பவ்ஸான் என்னை விசரியெண்டு நினைச்சுச் சிரிச்சவனடி! ஆயிரத்து இருநூறோ? உனக்குக் குறைச்சுத் தந்த விலையே நாலாயிரத்து எண்ணூறாம்!”